பிஎச்பி 7.4-ஐ இப்போதைக்கு விட முடியாதவர்களுக்கு: பழைய சர்வரை ஆதரவோடு ஓட்டுவது எப்படி?

உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் சர்வரில், பிஎச்பி நிரல்மொழியின் 7.4 பதிப்புக்காக எழுதிய ஒரு பில்லிங் மென்பொருளைப் பராமரிப்பது என் பொறுப்பு. எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக எழுதக் கடைக்காரருக்கு மனமும் இல்லை, பணமும் இல்லை. "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, ஏன் நோண்டுறீங்க?" என்பதுதான் எப்போதும் அவர் பதில். உபுண்டு 22.04-இல் பிஎச்பி 8.1 வந்துவிட்டது, 24.04-இல் 8.3. இணையத்தில் எங்கே தேடினாலும் "அப்கிரேட் செய்" என்ற ஒற்றை வரிதான் கிடைக்கிறது. அப்கிரேட் செய்ய முடியாத நிலையில் இருப்பவர் அதுவரை என்ன செய்வது என்று யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. அதனால் இது.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் ஓடுவது வேறு, அதற்கு ஆதரவு இருப்பது வேறு. பழைய பதிப்பில் இருப்பது தப்பில்லை. அதற்கான பாதுகாப்பு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) யாரிடமிருந்து வருகிறது, எந்தத் தேதி வரை வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

1. என்ன ஓடுகிறது என்று எழுதி வையுங்கள்

கட்டளை வரியில் பிஎச்பியின் பதிப்பைக் கேட்டால் வரும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது கட்டளை வரி பிஎச்பியின் எண். இணையதளத்துக்குப் பின்னால் ஓடும் எஃப்பிஎம் (இணையதளக் கோரிக்கைகளைக் கையாளும் பிஎச்பி) வேறு பதிப்பாக இருக்கலாம். எந்தப் பதிப்பு என்று காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கம் ஒன்றைத் தற்காலிகமாக வைத்துப் பாருங்கள், பார்த்ததும் அழித்துவிடுங்கள். மறந்துபோய் அப்படியே கிடக்கும் பிஎச்பிஇன்ஃபோ பக்கங்கள் ஊரெல்லாம் உண்டு.

இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: உபுண்டு பதிப்பு, வெப் சர்வர் என்ஜின்எக்ஸா அப்பாச்சியா, டேட்டாபேஸ் எது, என்னென்ன பிஎச்பி எக்ஸ்டென்ஷன்கள், ரூட் பயனரிலும் வெப் சர்வர் பயனரிலும் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள். கிரானை விட்டுவிட்டால் பின்னால் அழ வேண்டியிருக்கும், நான்காவது படியில் வருகிறேன்.

அப்புறம், பிஎச்பி பேக்கேஜ் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ‘ஆப்ட் பாலிசி’ கட்டளையோடு எஃப்பிஎம் பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் சொல்லிவிடும். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தா, ஒண்ட்ரே சூரி என்பவர் பிஎச்பி பேக்கேஜ்களைத் தொகுத்துத் தரும் பிபிஏ என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்தா? அடுத்த படிகள் எல்லாம் இந்த விடையைப் பொறுத்தவை.

2. பேட்ச் தருவது யார், எதுவரை?

பிஎச்பி குழுவைப் பொறுத்தவரை 7.4-இன் கதை 2022 நவம்பர் 28-ஓடு முடிந்தது. கடைசியாக வந்தது 7.4.33. அதன் பிறகு அவர்களிடமிருந்து ஒன்றும் வராது. ஆனால் 7.4-ஐத் தங்கள் லினக்ஸில் வைத்து வெளியிட்டவர்கள் அந்த லினக்ஸின் ஆயுள் முடியும்வரை பாதுகாப்புத் திருத்தங்களைத் தாங்களே பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். நமக்கு வேண்டியது இதுதான். 7.4 உள்ள முக்கியமான மூன்று இடங்கள்:

உபுண்டு 20.04. பொது ஆதரவு 2025 மே 31-இல் முடிந்தது. உபுண்டு ப்ரோ சந்தாவில் சேர்ந்தால் 2030 ஏப்ரல் வரை பேட்ச் உண்டு.

டெபியன் 11. நீள்கால ஆதரவு 2026 ஆகஸ்ட் 31 வரை, இலவசம். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் ஃப்ரெக்சியன் நிறுவனத்தின் கட்டணச் சேவை இருக்கிறது.

ரெட்ஹேட் 8, அதை ஒட்டிய அல்மாலினக்ஸ் 8, ராக்கி 8. இவற்றில் 7.4 ஒரு தனி ஸ்ட்ரீம் (தேர்ந்தெடுக்கக்கூடிய பதிப்பு வரிசை), 2029 மே வரை. கவனிக்க: இங்கே இயல்புநிலை ஸ்ட்ரீம் 7.2, அதற்கு ஆதரவு எப்போதோ முடிந்துவிட்டது. 7.4-ஐ நீங்கள்தான் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும்.

டாக்கரில் (மென்பொருளைப் பெட்டி கட்டி ஓட்டும் கருவி) 7.4 இமேஜ் இன்னும் இறங்குகிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இறங்கும், ஓடும், பேட்ச் வராது. அதிகாரபூர்வ பிஎச்பி இமேஜ்கள் பிஎச்பி குழுவின் தேதியோடு நின்றுவிடுபவை.

3. உபுண்டு ப்ரோவில் இணைப்பது

இதற்கு ஐந்து நிமிடம் போதும். உபுண்டு ஒன் கணக்கு தொடங்குங்கள், ப்ரோ பக்கத்தில் டோக்கன் கிடைக்கும், சர்வரில் ‘ப்ரோ அட்டாச்’ கட்டளையோடு அந்த டோக்கனைக் கொடுங்கள். பழைய சர்வர் என்றால் முதலில் ஒருமுறை அப்டேட் செய்து, ப்ரோ கருவியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ‘ப்ரோ ஸ்டேட்டஸ்’ அடித்துப் பாருங்கள். நீட்டித்த பாதுகாப்பு பேட்ச் தரும் ஈஎஸ்எம்-இன்ஃப்ரா, ஈஎஸ்எம்-ஆப்ஸ் இரண்டும் செயலில் இருக்க வேண்டும். இன்ஃப்ரா என்பது உபுண்டுவின் மெயின் களஞ்சியத்துக்கு, ஆப்ஸ் என்பது யூனிவர்ஸ் களஞ்சியத்துக்கு. பிஎச்பி 7.4-இன் அடிப்படைப் பேக்கேஜ்கள் மெயினில் இருக்கின்றன. பிஎச்பிமைஅட்மின் மாதிரி சமாசாரங்கள் யூனிவர்ஸில். ஒன்றை மட்டும் இயக்கினால் பாதி வீட்டுக்குப் பூட்டு போட்ட மாதிரி.

செலவு: 5 இயந்திரங்கள் வரை இலவசம். சொந்தப் பயன்பாட்டுக்கும் சிறு வணிகத்துக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளர் ஒவ்வொருவர் பெயரிலும் தனிக் கணக்கு தொடங்குவதே சரி. எல்லாருடைய சர்வரையும் உங்கள் டோக்கனில் சேர்த்தால், வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போகும் நாளில் ஆதரவும் உங்களோடு போய்விடும். ஐந்தைத் தாண்டினால் கட்டணம்: பட்டியல் விலை ஒரு சர்வருக்கு ஆண்டுக்கு 500 டாலர், இன்ஃப்ரா மட்டும் போதுமென்றால் 225 டாலர். ஏடபிள்யூஎஸ், அஷூர் போன்ற கிளவுடுகளில் மணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வாங்கவும் வழி உண்டு, ஒற்றைச் சிறு சர்வருக்கு அது மலிவாக முடியும். வாங்கும் அன்று விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து அட்டையில் கட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். தானியங்கிப் புதுப்பிப்பில் ரூ.15,000-க்கு மேல் போகும் தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 225 டாலர் அந்த வரம்பைத் தாண்டிவிடும். புதுப்பிப்பு தானாக நடந்துவிடும் என்று இருந்துவிடாமல், ஒரு மாதம் முன்பே காலண்டரில் குறித்து வையுங்கள்.

4. தானாக மாறும் இடங்களைக் கட்டிப்போடுங்கள்

நேரம் முழுக்க விழுங்குவது இந்தப் படிதான். புதிய பதிப்பு இயல்புநிலை ஆகும்போது பழையது ஒரே அடியில் உடைந்தால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். அப்படி உடையாது. ஓர் ஓரத்தில் மட்டும் மாறும், மற்றதெல்லாம் வழக்கம்போல் ஓடும்.

முதல் ஓரம், கட்டளை வரி. ஒரே சர்வரில் இரண்டு பிஎச்பி இருந்தால், வெறும் ‘பிஎச்பி’ என்று அழைக்கும்போது எது வர வேண்டும் என்பதை அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற ஏற்பாடு முடிவு செய்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு: 7.4-க்கு 74, 8.3-க்கு 83. ஆட்டோ நிலையில் விட்டால் பெரிய எண்தான் ஜெயிக்கும். அதாவது 8.3-ஐ நிறுவிய அந்த விநாடியே உங்கள் கிரான் வேலைகள் எல்லாம் 8.3-க்குத் தாவிவிடும். பகலில் பில் போடுவது சரியாக நடக்கும், இரவு கணக்கு முடிக்கும் ஸ்கிரிப்ட் மட்டும் செத்துக் கிடக்கும். இதைத் தடுக்க இரண்டு வேலை. ஆல்டர்னேட்டிவ்ஸில் 7.4-ஐ நீங்களே செட் செய்து மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். கிரானில் ஒவ்வொரு வரியிலும் 7.4-இன் முழுப் பாதையை எழுதுங்கள். இரண்டையும் செய்யுங்கள், ஒன்று போதாது.

இரண்டாவது, என்ஜின்எக்ஸ் பிஎச்பியோடு பேசும் சாக்கெட். பதிப்பு எண் இல்லாத பொதுவான சாக்கெட் பெயர் ஒன்று இருக்கிறது. அதுவும் இதே ஆல்டர்னேட்டிவ்ஸ் ஏற்பாட்டின் கீழ் வரும் ஒரு சுட்டிதான். கான்ஃபிக் கோப்பில் 7.4 என்ற எண் உள்ள சாக்கெட் பெயரையே கொடுங்கள்.

மூன்றாவது, எண் இல்லாத பேக்கேஜ் பெயர்கள். ஒண்ட்ரே பிபிஏ சேர்த்த சர்வரில் ‘பிஎச்பி-ரெடிஸ்’ என்று பொதுப் பெயரில் நிறுவினால், இருப்பதிலேயே புதிய பிஎச்பியையும் கையோடு இழுத்துக்கொண்டு வரும். ‘பிஎச்பி7.4-ரெடிஸ்’ என்று எண்ணோடு கேளுங்கள்.

நான்காவது, உபுண்டுவையே மேலேற்றும் கட்டளை. ஒவ்வொரு முறை சர்வருக்குள் நுழையும்போதும் "புதிய வெளியீடு இருக்கிறது" என்று ஒரு வரி கண்ணில் படும். நீங்கள் லீவில் இருக்கும் நாளில் யாராவது நல்லெண்ணத்தோடு அந்தக் கட்டளையை அடிப்பார். 22.04-இன் களஞ்சியத்தில் 7.4 கிடையாது, எனவே அது காலாவதிப் பேக்கேஜ் பட்டியலில் சேர்ந்து அகற்றலாமா என்ற கேள்வியாக வரும். அவர் ஆம் என்பார். இடிசி கோப்புறையில் அப்டேட்-மேனேஜருக்குள் ரிலீஸ்-அப்கிரேட்ஸ் என்ற கோப்பு இருக்கிறது, அதில் ப்ராம்ப்ட் என்ற வரியை ‘நெவர்’ என்று மாற்றிவிடுங்கள்.

பலர் செய்வது இன்னொன்று உண்டு: ‘ஆப்ட்-மார்க் ஹோல்டு’ போட்டு பிஎச்பியை உறைய வைப்பது. கேட்க நன்றாக இருக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள். ஹோல்டு போட்ட பேக்கேஜுக்குப் பாதுகாப்பு பேட்சும் வராது. ப்ரோவுக்குப் பணம் கட்டிவிட்டு அதன் பலனை வாசலிலேயே நிறுத்தி வைக்கும் வேலை அது. சாதாரண அப்டேட் 7.4-ஐ 8-ஆக மாற்றாது, அந்தப் பயம் வேண்டாம்.

இனி பிபிஏ பற்றி, ஏனென்றால் மிக நுட்பமான பொறி இங்கேதான். உங்கள் 20.04 சர்வரில் எப்போதோ ஒண்ட்ரே பிபிஏவைச் சேர்த்திருந்தால், உள்ளே இருப்பது 7.4.33-ஆக இருக்கும். உபுண்டுவின் சொந்தப் பேக்கேஜோ 7.4.3 என்ற எண்ணிலேயே நிற்பது. ப்ரோ தரும் பேட்சுகள் அந்த 7.4.3-க்கானவை. ஆப்ட் கண்ணுக்கு 33 பெரிது, 3 சிறிது. ஆகவே ப்ரோவில் சேர்ந்தாலும் பிஎச்பிக்கு ஒரு பேட்சும் இறங்காது. பொது ஆதரவு முடிந்த உபுண்டுவுக்கு அந்தப் பிபிஏவிலும் புதிதாக எதுவும் வராது. ‘ப்ரோ ஸ்டேட்டஸ்’ பச்சையாகவே இருக்கும், இரண்டு பக்கமும் ஆதரவு இருக்காது. ‘பிபிஏ-பர்ஜ்’ கருவியால் உபுண்டுவின் பேக்கேஜுக்குத் திரும்பலாம். சர்வரின் நகல் ஒன்றில் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் அசலில் கை வையுங்கள். 7.4.33-இலிருந்து 7.4.3-க்கு இறங்கும்போது இடையில் வந்த சில சாதாரணப் பிழைத் திருத்தங்களை இழக்க நேரலாம், பில்லிங் முழுவதையும் ஒரு சுற்று சோதியுங்கள்.

5. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருந்தால்

உங்கள் கையில் சர்வர் இல்லை, சிபேனல் (ஹோஸ்டிங்கை உலாவியில் நிர்வகிக்கும் பலகம்) மட்டும்தான் என்றால் செய்யக்கூடியது குறைவு. மல்டிபிஎச்பி மேனேஜரைத் திறந்து உங்கள் டொமைனுக்கு எதிரே ‘இன்ஹெரிட்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஹோஸ்டிங் நிறுவனம் தன் இயல்புநிலையை மாற்றும் நாளில் உங்கள் தளமும் கூடவே மாறும். 7.4-ஐ வெளிப்படையாகத் தேர்ந்தெடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஹோஸ்டிங்கில் வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்பு அனுப்பிவிட்டு, சனிக்கிழமை இரவு மாற்றினார்கள். இன்ஹெரிட் என்று விட்டிருந்த தளங்கள்தான் விழுந்தன.

அப்படியே அவர்களுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள்: "உங்கள் 7.4-க்கு யார் பேட்ச் செய்கிறார்கள்?" கிளவுட்லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அதன் ஹார்டன்டு பிஎச்பி மூலம் பழைய பதிப்புகளுக்கும் பேட்ச் பெறுகிறார்கள். "7.4 கிடைக்கும்" என்று மட்டும் பதில் வந்தால், பேட்ச் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் பழைய பிஎச்பிக்கு மாதாமாதம் தனிக் கட்டணம் போடுகின்றன. பில்லில் புதிதாக ஒரு வரி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. டேட்டாபேஸை மறக்காதீர்கள், செலவு அங்கேதான்

சொந்தச் சர்வரில் மைஎஸ்கியூஎல் இருந்தால் பிஎச்பிக்குச் சொன்னதே இதற்கும். அமேசானின் ஆர்டிஎஸ் என்ற வாடகை டேட்டாபேஸ் சேவையில் இருந்தால் கணக்கே வேறு. மைஎஸ்கியூஎல் 5.7-க்கு ஆர்டிஎஸ்ஸின் சாதாரண ஆதரவு 2024 பிப்ரவரி 29-இல் முடிந்தது. அதிலேயே தங்கியவர்கள் மறுநாள் முதல் நீட்டித்த ஆதரவுக்குள் தானாகச் சேர்க்கப்பட்டார்கள், கட்டணத்தோடு. அமெரிக்க வட்டார விலைப்படி முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு விசிபியூவுக்கு (மெய்நிகர் செயலி) மணிக்கு 0.10 டாலர், மூன்றாம் ஆண்டில் 0.20. மும்பை விலை வேறாக இருக்கும்.

பத்து சென்ட்தானே என்று தோன்றும். டி3.மைக்ரோ என்ற மிகச் சிறிய டேட்டாபேஸுக்கு மாத வாடகை சுமார் 12 டாலர். ஆனால் அதில் 2 விசிபியூ உண்டு. மாதத்துக்கு 730 மணி நேரம், பெருக்கிப் பாருங்கள்: 146 டாலர். வாடகையைப் போலப் பன்னிரண்டு மடங்கு அபராதம். மூன்றாம் ஆண்டில் இதுவும் இரட்டிப்பாகும். மல்டி-ஏஇசட் (வேறிடத்தில் ஒரு துணை நகல்) வைத்திருந்தால், சும்மா நிற்கும் துணை இயந்திரத்துக்கும் சேர்த்து எண்ணுவார்கள்.

ஆர்டிஎஸ்ஸில் மைஎஸ்கியூஎல் 8.0-க்குச் சாதாரண ஆதரவு 2026 ஜூலை 31 வரைதான். எனவே 5.7-இலிருந்து 8.0-க்குத் தாவி மூச்சு வாங்குவதைவிட, 8.0 வழியாக 8.4-க்கே போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். போகும் வழியில் மூன்று இடங்களில் பிஎச்பி 7.4 பயன்பாடுகள் தடுக்கி விழும். புதிய கடவுச்சொல் முறை: 8.4-இல் பழைய நேட்டிவ் முறை இயல்புநிலையாக இருக்காது. ‘ரேங்க்’, ‘குரூப்ஸ்’ என்ற பெயரில் அட்டவணையோ நெடுவரிசையோ இருந்தால் அவை இப்போது ஒதுக்கப்பட்ட சொற்கள். ‘குரூப் பை’ செய்தாலே வரிசைப்படுத்தி வந்துவிடும் என்று நம்பி எழுதிய அறிக்கைகள் கலைந்துபோகும், ‘ஆர்டர் பை’ சேர்க்க வேண்டும்.

7. ஆடிட்டர் வந்தால் காட்ட வேண்டிய தாள்கள்

செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) பட்டியலில் உள்ள ஆடிட்டரோ, வாடிக்கையாளர் அனுப்பும் யாரோ பாதுகாப்பு ஓட்டை தேடும் ஸ்கேனர் ஓட்டினால் முதல் வரியே சிவப்பில் வரும்: "பிஎச்பி 7.4.3, காலாவதி, அபாயம் மிக அதிகம்". ஸ்கேனர் எண்ணை மட்டும்தான் பார்க்கிறது. 7.4.3 என்பது 2020 பிப்ரவரியில் வந்த எண், உபுண்டு அதிலேயே நின்றுகொண்டு திருத்தங்களை மட்டும் உள்ளே சேர்க்கிறது. பேக்கேஜின் முழுப் பதிப்பில் 7.4.3-க்குப் பின்னால் ஒரு கோடும், உபுண்டு என்ற சொல்லும், அதையொட்டி ஏறிக்கொண்டே போகும் எண்ணும் இருக்கும். பேட்ச் வந்ததற்கான அடையாளம் அந்த வால்தான்.

கோபப்படாமல் இவற்றை ஒரே பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்: ‘ப்ரோ ஸ்டேட்டஸ்’ வெளியீடு, ‘ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ்’ வெளியீடு, டிபிகேஜி காட்டும் முழுப் பதிப்பு எண், பேக்கேஜின் சேஞ்ச்லாக். சேஞ்ச்லாகில் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்துக்கும் சிவிஇ எண் (ஓட்டைக்குத் தரப்படும் பொது அடையாள எண்) இருக்கும். ஆடிட்டர் அறிக்கையில் உள்ள சிவிஇ எண்களை ஒரு பக்கமும், அதைத் திருத்திய பேக்கேஜ் பதிப்பை மறுபக்கமும் வைத்து அட்டவணை போட்டுவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடியும். உபுண்டுவின் பாதுகாப்புத் தளத்தில் சிவிஇ எண்ணைத் தேடினால் 20.04-க்கு நேரே நிலை தெரியும். "பாதிப்பில்லை" என்று வரும் எண்களும் உண்டு, அவற்றையும் சேருங்கள். ‘எக்ஸ்போஸ் பிஎச்பி’ அமைப்பை அணைத்துவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எண் தெரியாது. செய்யலாம், ஆனால் அது மறைப்புதான், பேட்ச் இல்லை. அதை ஆடிட்டருக்குப் பதிலாக எழுதாதீர்கள்.

வாடிக்கையாளரிடமிருந்தும் ஒரு மின்னஞ்சல் வாங்கி வையுங்கள்: இந்த ஆதரவு இன்ன தேதியில் முடிகிறது, அதற்கு மேல் பொறுப்பு யாருடையது, ஆண்டுச் செலவு எவ்வளவு. வாய்வார்த்தையில் "பார்த்துக்கலாம் சார்" என்று விட்டால், தேதி வரும்போது பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

8. வெளியேறும் தேதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

2030 ஏப்ரல் என்றால் 2030-இல் தொடங்கும் வேலை என்று பொருள் இல்லை. கடைசி ஓராண்டை மாற்றத்துக்கு ஒதுக்குங்கள், அதற்கு முந்தைய ஆண்டில் நிரலை மட்டும் சோதியுங்கள். பிஎச்பிகம்பேட்டிபிலிட்டி என்ற விதித்தொகுப்பை, நிரலைச் சோதிக்கும் கோட்ஸ்னிஃபர் கருவியோடு ஓட்டினால் 8-இல் உடையக்கூடிய வரிகளைப் பட்டியலிடும். ஈச், கிரியேட்-ஃபங்ஷன் போன்ற நீக்கப்பட்ட செயற்கூறுகளை அது பிடித்துவிடும். பிடிக்காத ஒன்று இருக்கிறது: சுழியத்தையும் எழுத்துச் சரத்தையும் ஒப்பிடும் முறை 8.0-இல் மாறிவிட்டது. 7.4-இல் 0 என்ற எண்ணும் ‘ஏபிசி’ என்ற சரமும் இரட்டைச் சமக்குறியில் சமம், 8-இல் சமமில்லை. பில்லிங் மாதிரி மென்பொருளில் தள்ளுபடி குறியீடு, வரி வகை என்று இப்படி ஒப்பிடும் இடங்கள் நிறைய. பிழைச்செய்தி வராது, தொகைதான் மாறும். அந்த இடங்களைக் கையால்தான் தேட வேண்டும்.

மாறும் இடமாக 8.1-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள், பிஎச்பி குழுவின் ஆதரவு 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. 8.3-க்கு 2027 டிசம்பர் 31 வரை, 8.4-க்கு 2028 டிசம்பர் 31 வரை. உபுண்டு 24.04-இன் சொந்த 8.3 என்றால் உபுண்டுவின் கணக்கு இன்னும் நீளும்.

புதிய சர்வரைத் தனியாக எழுப்பி, டேட்டாபேஸ் நகலோடு ஒரு மாதம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுங்கள். நாள் முடிவில் இரண்டின் மொத்தத் தொகையும் பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி தாக்கல் வாரத்தில் மட்டும் மாற்றத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். மாறிய பிறகும் பழைய சர்வரை அழிக்காமல், இணையத் தொடர்பைத் துண்டித்து, ஒரு மாதக் கணக்கு முடியும்வரை அணைத்து வையுங்கள். ப்ரோ டோக்கனைப் பழைய சர்வரிலிருந்து ‘ப்ரோ டிடாச்’ செய்வது அதற்கும் பிறகு.